கால் கட்டைவிரல் சொன்ன சாட்சி

முப்பது வருஷத்துக்கு மேல் கடலூர் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பிழைத்தவன் நான். நானே கூண்டில் ஏறியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு கோர்ட் ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம், அதில் பாதிப்பேர் இளம் வக்கீல்கள். சீனியர் திணறுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

எதிர்த்தரப்பு வக்கீல் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர். அன்றைக்கு என்னை முன்பின் பார்த்திராதவர்போல ஆரம்பித்தார்.

“நீங்கள் நோட்டரியா?”

“ஆமாம்.”

“இந்த உயிலில் உங்கள் நோட்டரி முத்திரை இருக்கிறதா?”

“இல்லை.”

“ஏன் போடவில்லை?”

“உயிலுக்கு நோட்டரி முத்திரை தேவையில்லை.”

“தேவையில்லாத இடத்துக்கு ஏன் போனீர்கள்?”

“படுத்திருந்தவர் கூப்பிட்டார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியை அடுத்த கேள்வியில்தான் எடுத்தார். “அதற்கு ஒன்பது நாள் முன்னால் அதே கட்டிலுக்கு மூத்த மகன் உங்களைக் கூப்பிட்டார். போனீர்கள். கையெழுத்தும் வாங்கவில்லை, ரேகையும் வாங்கவில்லை. மகள் போன் செய்தபோது மட்டும் வாங்கினீர்கள். சரிதானே?”

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய கேள்வியில்லை அது. அந்த இரண்டு பயணங்களின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். ஊர் மட்டும் இருக்கட்டும்.

2013ஆம் வருஷம், சித்திரை மாதம். தானே புயல் அடித்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையேறிய அந்தப் புயல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டிருந்தது. புதுக்கன்று வைத்தாலும் காய்க்க நாளாகும். அதனால் கொல்லைக்காரர்கள் சிலர் வெளியிலிருந்து கொட்டை வாங்கி, வறுத்து, உடைத்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். என் பழைய கட்சிக்காரர் ஒருவரும் அதில் இறங்கினார். அப்போது அவருக்கு 62 வயது. வரப்புத் தகராறு ஒன்றில் தொண்ணூறுகளில் அவருக்காக ஆஜராகியிருக்கிறேன். வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் மடியில் ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பு இருக்கும். ஃபீஸ்தான் தவணையில் வரும்.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டாலே கொப்புளம் கிளம்பும். சூடேறினால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். கொட்டை வறுக்கும் டிரம்மில் தீ எகிறியபோது இவர் ஓடிப்போய்க் கையால் மூடியைத் தள்ளியிருக்கிறார். இரண்டு கையும் தோள்வரைக்கும், மார்பில் ஒரு பகுதியும் வெந்துவிட்டன. முதலில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அங்கே முதலுதவி முடிந்ததும் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை.

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மூத்த மகன் போன் செய்தார்.

“வக்கீல் சார், அப்பாவ சிதம்பரத்துல சேத்துருக்கோம். அவசரமா ஒரு நோட்டரி வேணும். பத்திரம் ரெடியா இருக்கு. நீங்க வந்து சீல் வச்சாப் போதும்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் 40 கிலோமீட்டருக்கு மேல். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது மணி பத்து. தோள்பையில் முத்திரை, நோட்டரிப் பதிவேடு, மைப் பெட்டி. ஆஸ்பத்திரி வாசலிலேயே மூத்தவர் காத்திருந்தார். கையில் முத்திரைத்தாளில் டைப் அடித்த பவர் பத்திரம். நான்கு காணி முந்திரிக் கொல்லையை விலை பேச, அட்வான்ஸ் வாங்க, கிரயம் செய்துகொடுக்க மூத்த மகனுக்கு முழு அதிகாரம். கடைசியில் வழக்கமான வரி: சுயபுத்தியுடனும் நல்ல நினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக்கொடுத்தது. டைப் அடித்தவர் கடலூரில் இருந்தார். பெரியவரின் புத்தியும் நினைவும் எப்படி இருந்தன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போனேன். இரண்டு கையும் துணிச் சுருளாகத் தலையணைமேல் கிடந்தன.

“பெரியவரே, என்னைத் தெரியுதா?”

கண்ணைத் திறந்தார். என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார். “மழ வருது பாரு. கொட்டைய அள்ளுங்கடா” என்றார்.

வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் கொட்டையைத்தான் அள்ளச் சொன்னார்.

நர்ஸிடம் விசாரித்தேன். “இப்பதான் டிரஸ்ஸிங் முடிஞ்சுது சார். அதுக்குக் கீட்டமின் குடுத்திருக்கு. வலிக்கும் ஊசி போயிட்டிருக்கு. விடிஞ்சாத் தெளிவாயிடுவாரு.”

பத்திரத்தை மடித்து மூத்தவர் கையில் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “கையெழுத்து வேணாம் சார். கை வெந்துபோனா கால் இருக்குல்ல? கட்டைவெரல்ல மையத் தடவி ஒத்திக்கலாம். தோல் ஒட்டுற ஆபரேஷனுக்குப் பணம் கட்டணும் சார்” என்றார்.

காலில் ரேகை எடுக்கலாம் என்ற யோசனையை முதலில் சொன்னது அவர்தான். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

அவர் பொய் சொல்லவில்லை. பணம் உண்மையிலேயே தேவை. நான் சீல் வைக்காததால் ஆபரேஷன் தள்ளிப்போய், ஏதாவது ஆகிவிட்டால்? அந்த ராத்திரி எனக்கு அந்தப் பயம் இருந்தது. மருத்துவமனைக்குப் போகிற ஒவ்வொரு நோட்டரிக்கும் இந்தப் பயத்தைக் காட்டித்தான் சீல் வாங்கப் பார்ப்பார்கள். பணத்தாசை காட்டுவதைவிட இது வேலை செய்யும்.

நோட்டரிகள் சட்டம் 1952இல் வந்தது. அதன் 8ஆவது பிரிவு, ஆவணம் எழுதிக்கொடுப்பதைச் சான்றளிக்கவும், சத்தியப் பிரமாணம் செய்துவைக்கவும், உறுதிமொழிப் பத்திரம் வாங்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. பவர் பத்திரத்தில் நோட்டரி முத்திரை இருந்தால், அது முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 85ஆவது பிரிவு. இன்ன ஆள் என் முன்னால் இருந்தார், இன்னதென்று தெரிந்து சம்மதித்தார் என்று நான் அரசுக்குச் சொல்வதுதான் அந்த முத்திரை. கொட்டையை அள்ளச் சொல்கிறவரிடம் நான் எதைக் கேட்டு, அவர் எதற்குச் சம்மதித்தார் என்று எழுதுவது?

சட்டத்தில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. அதை மூத்தவரும் அறியவில்லை, பத்திரம் டைப் அடித்தவரும் அறியவில்லை. தமிழ்நாட்டில் நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று பதிவுச் சட்டத்தைத் திருத்தி, 2012 டிசம்பர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே, பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லியிருந்தது. நான் அன்றைக்கு நூறு சீல் வைத்திருந்தாலும் அந்தத் தாளைக் கொண்டு ஒரு குழிக் கொல்லையைக்கூட விற்றிருக்க முடியாது. அதோடு, பவர் கொடுத்தவர் கண்ணை மூடினால் பவரும் மூடிக்கொள்ளும்.

“நீங்க வைக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம் சார். ஆளப் பாக்காமலே வச்சுக் குடுக்கறவங்க இருக்காங்க” என்றார் மூத்தவர். இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். டியூட்டி டாக்டரைத் தேடிப்பிடித்து, “நான் வந்ததையும், இவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுத முடியுமா?” என்று கேட்டேன். இளம் டாக்டர். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். இரவு 10.40, மருந்து மயக்கம், கேள்விக்குப் பொருத்தமான பதில் இல்லை. என் டைரியிலும் அதையே எழுதிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் அது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த வேலை, வேறொன்றும் இல்லை.

மாடிப்படியில் மகள் உட்கார்ந்திருந்தார். புருஷன் கைவிட்டு அப்பாவோடு வந்து பத்து வருஷமாக இருக்கிறவர். “பேங்குல டெபாசிட் இருக்குங்கய்யா. புயலுக்கு வந்த நிவாரணம், சீட்டுப் பணம் எல்லாத்தையும் அப்பா அவரு பேர்ல போட்டு வச்சிருக்காரு. அவரு கையெழுத்தில்லாம எப்புடிங்க எடுக்கறது?”

பணத்துக்கு வழி அங்கே இருந்தது. யாருக்கும் தோன்றாததற்குக் காரணம், ஆஸ்பத்திரி என்றதும் எல்லோர் வாயிலும் நோட்டரி என்ற சொல் மட்டும் வருவதுதான். கணக்கு வைத்திருப்பவர் நோயாளியாகிக் கையெழுத்துப் போட முடியாமல் போனால் என்ன செய்வது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி எப்போதோ வழி சொல்லிவிட்டது. கைப் பெருவிரல் ரேகை அல்லது கால் கட்டைவிரல் ரேகை வாங்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாதவரிடம் ஒரு குறியை வாங்கிக்கொள்ளலாம். இதில் நோட்டரிக்கு எந்த வேலையும் இல்லை.

மறுநாள் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். முதலில் தயங்கினார். சுற்றறிக்கையை எடுத்துக் காட்டியதும் படித்தார், தன் மேலதிகாரியிடம் போனில் பேசினார். “காலையில எத்தனை மணிக்குத் தெளிவா இருப்பாரு?” என்று கேட்டார். நல்ல கேள்வி. டிரஸ்ஸிங் பதினொன்றரைக்கு என்பதால் அதற்கு மறுநாள் ஒன்பது மணிக்கே வங்கி அதிகாரி ஒருவர் மருத்துவமனைக்குப் போனார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னொரு சாட்சி. பெரியவர் எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்று தானே சொன்னார். இடது கால் கட்டைவிரலில் மை தடவி, பணமெடுக்கும் படிவத்தில் ஒற்றினார்கள். டெபாசிட்டை முடித்து ஆஸ்பத்திரி பெயருக்கே வங்கி வரைவோலை எடுத்துக் கட்டினார்கள். மூத்த மகன்தான் ரசீது வாங்கிக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது.

ஒரு வாரம் கழித்து மகளிடமிருந்து போன். “அப்பா உங்கள வரச் சொல்றாருங்கய்யா. எதுக்குன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரு.”

காலை பத்தேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மகளையும் இளைய மகனையும் கேண்டீனுக்கு அனுப்பிவிட்டேன். கட்டில் பக்கத்தில் பெரியவரும் நானும் மட்டும்.

“அன்னிக்கு ராத்திரி வந்தியாமே வக்கீலய்யா? சீல் வக்காமப் போயிட்டன்னு பெரியவன் திட்டுறான்.”

“ஆமாம். நீங்க என்னைக் கொட்டை அள்ளச் சொன்னீங்க.”

சிரிக்கப் பார்த்தார். மார்பு வலித்ததுபோல, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: “வூடு நான் சம்பாரிச்சுக் கட்டனது. அது பொண்ணுக்கு. வறுக்கற கொட்டாவும் டிரம்மும் சின்னவனுக்கு, அவந்தான் அதுல நின்னான்.”

“கொல்லை?”

“கொல்லை எங்க பாட்டன் சொத்து. அதுல நான் எழுத என்னா இருக்கு? அவங்களே பிரிச்சிக்கட்டும்.”

“மூத்தவருக்கு?”

கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பெரியவன் கெட்டவன் இல்ல. கடன்காரன். வூட்ட அவங்கிட்டக் குடுத்தா அது வட்டிக்காரன் வூடாயிடும். அவன் கடையில போட்ட பணம் என் பணம், அத நான் கேக்கல. அதயும் எழுது.”

எழுதினேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 உயிலுக்குக் கேட்பது கொஞ்சம்தான். எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும் அல்லது தன் குறியைப் பதிக்க வேண்டும். அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், அவர் கண்ணெதிரில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு ஒரு உதாரணமே தருகிறது: உடல் மிகவும் நலிந்து தளர்ந்து போனவர், ஆனால் சொத்தை எப்படிக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் திறன் உள்ளவர், எழுதிய உயில் செல்லும். நோயாலோ வேறெதனாலோ தான் என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் இருப்பவர் எழுதியது செல்லாது. இந்த இரண்டு நிலையிலும் அதே மனிதரை ஒன்பது நாள் இடைவெளியில் நான் பார்த்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் திருத்தினார், கொட்டகைக்குப் பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டேன் என்று. 10.50க்கு டியூட்டி டாக்டரும் தலைமையாசிரியரும் வந்து நின்றார்கள். டாக்டர் அவரிடம் நாள், கிழமை, பேரப்பிள்ளைகளின் பெயர் என்று கேட்டுவிட்டு, கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதினார். நர்ஸ் காலில் மை தடவ, ஓர் அட்டைமேல் தாளை வைத்து நான் பாதத்தருகே பிடிக்க, அவரே கட்டைவிரலை அழுத்தினார்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், இப்படிப்பட்ட உயிலைப் பதிந்துவிடுவது நல்லது. உடல்நலக் குறைவால் அலுவலகம் வர முடியாதவரிடம் பதிவு அலுவலர் தாமே போய் விசாரிக்கவோ ஆணையர் ஒருவரை அனுப்பவோ வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம் 1908, பிரிவு 38. தக்க காரணம் காட்டினால் வீட்டுக்கே வந்து உயிலைப் பதிவுக்குப் பெற்றுக்கொள்ள 31ஆவது பிரிவும் இடம் கொடுக்கிறது. பவர் பத்திரத்துக்கும் 33ஆவது பிரிவில் அதே சலுகை உண்டு. மருத்துவச் சான்றோடு ஒரு மனு போதும். அந்த மனுவை உயில் எழுதிய மறுநாள்தான் கொடுத்தேன். அவர் நினைவு தெளிந்த முதல் நாளே பேச்சுக் கொடுத்துக் கேட்டிருந்தால் ஒரு வாரம் முன்னால் கொடுத்திருக்கலாம். சார்பதிவாளர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் ராத்திரி, தீப்புண்ணில் சீழ்பிடித்து ரத்தத்தில் கலந்து, பெரியவர் போய்விட்டார்.

2014இல் மூத்த மகன் கடலூர் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். வீட்டிலும் கொட்டகையிலும் தனக்குப் பங்கு வேண்டும். உயில் ஜோடிக்கப்பட்டது. கையே இல்லாதவர் எழுதியதாகச் சொல்லும் உயில். பிராதில் ஒரு வரி இருந்தது: தன் தந்தை ஆயுளில் ஒருபோதும் கால் ரேகை வைத்தவர் அல்லர், இறந்த பிறகு உடலிலிருந்து எடுத்த ரேகை இது.

சாட்சியாகப் போகக்கூடும் என்று தெரிந்த வழக்கில் வக்கீலாக ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் மகளுக்காக வேறொரு வக்கீல் வக்காலத்துப் போட்டார். உயில் வழக்கில் சந்தேகம் கிளப்புவது சுலபம், தீர்ப்பது கஷ்டம். 1958இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அளவுகோல்: நடுங்கும் கையெழுத்து, தளர்ந்த மனம், இயற்கைக்கு மாறான பங்கீடு மாதிரியான சந்தேகங்கள் இருந்தால், உயிலை முன்வைப்பவர்தான் அவற்றை நீக்க வேண்டும். எங்கள் உயிலில் கையெழுத்தே இல்லை. பதிவு இல்லை. மூத்த மகனுக்கு எதுவும் இல்லை. எழுதியவர் நாலு நாளில் இறந்துபோனார். நானே எதிர்த்தரப்பில் இருந்திருந்தால் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

இரண்டு காகிதங்கள் எங்களைக் காப்பாற்றின. ஒன்று கேஸ் ஷீட். கோர்ட் மூலமாக மருத்துவமனையிலிருந்து அதை வரவழைத்தோம். முதல் ராத்திரி 10.40க்கு எழுதிய வரி அதில் இருந்தது. உயில் எழுதிய நாளில் 10.50க்கு எழுதிய வரியும் இருந்தது. அன்றைய டிரஸ்ஸிங் மருந்து 11.30க்குத்தான் ஏற்றப்பட்டிருந்தது. “மூத்த மகன் கூப்பிட்டபோது ஏன் வாங்கவில்லை?” என்ற கேள்விக்கு நான் கூண்டில் சொன்ன பதில் ஒரு வரிதான்: “அன்றைக்கு அவரிடம் கேட்டேன், பதில் வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டேன், கிணற்றை விட்டுவிட்டேன் என்று என்னைத் திருத்தினார்.” முதல் தடவை நான் சீல் வைத்திருந்தால், இரண்டாவது தடவை சொன்ன எதையும் நீதிபதி நம்பியிருக்க மாட்டார். எந்த நிலையில் இருந்தாலும் ஒத்தி வாங்குகிற ஆள் என்றுதான் என்னைப் பற்றி முடிவு செய்திருப்பார்.

இன்னொன்று வங்கியிலிருந்து வந்த பணமெடுப்புப் படிவம். மூல ஆவணத்தோடு வங்கி அதிகாரி வந்து சாட்சி சொன்னார். பெரியவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போது வைத்த இடது கால் கட்டைவிரல் ரேகை. அந்தப் பணத்துக்கு ரசீது வாங்கியவர் வாதி. குறுக்கு விசாரணையில் அதைக் காட்டியபோது அவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் ரேகை நிபுணரிடம் இரண்டையும் அனுப்பினார்கள். இரண்டும் ஒரே விரல் என்று அறிக்கை வந்தது. டாக்டர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் சம்மனுக்கு வந்து, உயில் சாட்சியாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

2018இல் தீர்ப்பு. உயில் செல்லும், வீடு மகளுக்கு, கொட்டகை இளையவருக்கு, பூர்வீகக் கொல்லையில் எல்லோருக்கும் அவரவர் பங்கு. பாட்டன் சொத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்ட மனிதருக்குத் தன் சொத்து எது, பொதுச் சொத்து எது என்ற தெளிவு இருந்திருக்கிறது என்று நீதிபதி தீர்ப்பில் எழுதியிருந்தார். பெரியவரின் அந்தக் கேள்வியை நான் சாட்சியத்தில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். மூத்தவர் அப்பீல் போகவில்லை.

இந்த வழக்குக்குப் பிறகு கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் எனக்கு ஆஸ்பத்திரி அழைப்புகள் அதிகமாகிவிட்டன. வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் நோட்டரி தேவையே இல்லாதவை. வங்கிப் பணம் என்றால் வங்கி அதிகாரி. நிலத்துப் பவர் என்றால் சார்பதிவாளர். உயில் என்றால் கண்ணெதிரில் நிற்கும் இரண்டு நல்ல சாட்சிகள். நோட்டரி வேண்டியது உறுதிமொழிப் பத்திரத்துக்கும் அதுபோன்ற சான்றளிப்புகளுக்கும்தான். சமீபத்தில் சேர்ந்த முக்கியமான வேலை ஒன்றும் உண்டு. மீள முடியாத நிலை வந்தால் எனக்குச் செயற்கை உயிர்க்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018இல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மாஜிஸ்திரேட் மேலொப்பமிட வேண்டும் என்று இருந்ததால் யாராலும் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும் என்று மாற்றினார்கள். இதையும் ஐ.சி.யூ. வாசலில் வைத்து எழுதக் கூடாது. நன்றாக இருக்கும்போது எழுதுவது.

பேச்சு மூச்சில்லாமல் கோமாவில் இருப்பவருக்கு எந்த நோட்டரியும் உதவ முடியாது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியை அவருக்குக் காப்பாளராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போடவும் சொன்னது. கைநாட்டை ஒற்றி எடுப்பதைவிட அந்த வழி நீளம்தான். ஆனால் விற்றது நிற்கும். நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: கடலூரிலிருந்து ஜிப்மருக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறோம், ஆனால் அது புதுச்சேரி. தமிழ்நாட்டுக்கு நியமிக்கப்பட்ட நோட்டரி அங்கே போய் முத்திரை போட முடியாது. அங்குள்ள நோட்டரியைத்தான் தேட வேண்டும்.

தீக்காயத்தில் கிடப்பவரிடம் மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் நடுராத்திரியிலும் கட்டிலுக்கு வருகிறார். யாரையும் பக்கத்தில் விடாமல், கேள்வி கேட்டு, அவர் நினைவோடு இருக்கிறாரா என்று தானே திருப்திப்பட்டுக்கொண்டு எழுதுகிறார். அப்படித் திருப்திப்பட்டு எழுதியது, டாக்டர் சான்று இல்லாவிட்டாலும் செல்லும் என்று 2002இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. யார் கொளுத்தினார்கள் என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கும் நாம், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்ல வாய்ப்புக் கொடுப்பதில்லை. அந்த வேலையை ஆஸ்பத்திரி வாசலில் அலையும் தரகர்களிடம் விட்டிருக்கிறோம்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும் இருக்கிறது. கடலூர் தலைமை மருத்துவமனையிலும், 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிய அண்ணாமலைநகர் மருத்துவமனையிலும் நோட்டரிகள், வக்கீல்கள் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆணைக்குழு தயாரித்துப் பலகையில் எழுதி வைக்கலாம். எதற்கு நோட்டரி, எதற்கு வங்கி, எதற்குச் சார்பதிவாளர் என்று நாலு வரி சேர்த்து எழுதினால் பாதி அலைச்சல் குறையும். வருகிறவர் நோயாளியோடு பத்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும், கேஸ் ஷீட்டில் நேரம் குறிக்க வேண்டும், சீல் வைக்காமல் திரும்பினாலும் பயணச் செலவு கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆணைக்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவில் என் பெயரை முதல் பெயராகச் சேர்த்திருக்கிறேன்.